மறுமொழி: ‘ஃபிரேம்’ என்பதற்குச் ‘சட்டகம்’ வேண்டாமே, ‘இணைக்கட்டு’ சரிப்படுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இணை நடனத்தின் ‘ஃபிரேம்’ முதலிய சொற்களுக்குத் தமிழ் தேடும் இந்த இழை நீண்டுவிட்டது. யாருக்கு எந்தப் பதில் என்று குழம்பாமலிருக்க மேற்கோள்களை மேலே போட்டுவிட்டு எழுதுகிறேன். பிரபலங்கள் தொழில்முறை நடனக் கலைஞர்களோடு இணைந்து ஆடும் பிரிட்டன் தொலைக்காட்சிப் போட்டியான ‘ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங்’ பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் பத்தியிலேயே ஃபிரேம், ஹோல்டு, லீடு, ஃபாலோ நான்கும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அவற்றை விட்டுவிட்டு எழுதினால் “அருமையாக ஆடினார்கள், உடை பளபளத்தது” என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியவில்லை. நம்முடைய பெரும்பாலான விமர்சனங்கள் அப்படித்தான் இருக்கின்றன, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

> ஃபிரேம் = சட்டகம். கணினித் துறையில் ஏற்கெனவே புழங்கும் சொல். இன்னொன்று எதற்கு?

ஐயா, சட்டகம் என்றால் அசையாத ஒன்று. மரச் சட்டகம், இரும்புச் சட்டகம், எல்லாமே நான்கு மூலையும் இறுகி நிற்பவை. ஆட்டத்தில் ஃபிரேம் என்பது நேர்மாறு. வால்ட்ஸ், ஃபாக்ஸ்டிராட் போன்ற ஆட்டங்களில் நிற்கும் முறையைப் பாருங்கள்: ஆணின் வலது கை பெண்ணின் இடது தோள்பட்டை எலும்பின் மேல், அவளுடைய இடது கை அவன் வலது மேற்கையின் மேல், மற்ற இரு கைகளும் கோத்தபடி பக்கவாட்டில் உயர்ந்திருக்கும். எந்தக் கை எங்கே என்கிற இந்த அமைப்புதான் ஹோல்டு. அதற்குப் ‘பிடி’ போதும், கபடி வாசனை அடித்தாலும் பரவாயில்லை. ஆனால் கைகள் அத்தனையும் சரியான இடத்தில் இருந்தும் ஃபிரேம் இல்லாமல் போகலாம். முதல் வாரம் ஆட வரும் பிரபலங்களில் பாதிப் பேர் அப்படித்தான்: பிடி இருக்கும், முதுகும் முழங்கையும் தொளதொளவென்று இருக்கும், கூட ஆடும் தொழில்முறைக் கலைஞர் பாவம் இழுத்துக்கொண்டு போவார்.

முதுகிலிருந்து முழங்கை வழியாக விரல்வரை ஓடும் அந்த மெல்லிய விறைப்பு, ஒருவர் தன் உடல் எடையை இடக்காலிலிருந்து வலக்காலுக்கு மாற்றினால் அடுத்தவருக்கு அந்த நொடியே தெரிந்துவிடுவது, இதுதான் ஃபிரேம். இரண்டு பேர் ஒரு கட்டிலைத் தூக்கிக்கொண்டு வாசல்படி தாண்டும்போது, முன்னால் போகிறவர் நின்றதும் பின்னால் வருகிறவருக்குக் கையிலேயே தெரியுமே, அது. இங்கே நடுவில் கட்டில் கிடையாது, உடம்பேதான் அந்த வேலையைச் செய்கிறது.

> அப்படியானால் பிடி என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்துக்கொள்ளலாமே? நுணுக்கி நுணுக்கிப் பிரித்தால் யார் பயன்படுத்தப்போகிறார்கள்?

இரண்டையும் பிரிக்காவிட்டால் 2024-ஆம் ஆண்டுப் போட்டியைப் பற்றி ஒன்றுமே எழுத முடியாது. கிறிஸ் மெக்காஸ்லண்ட், லிவர்பூல்காரர், நகைச்சுவையாளர், விழித்திரை நோயால் இளவயதிலேயே பார்வை இழந்தவர். தொழில்முறைக் கலைஞர் டயான் பஸ்வெல்லோடு ஆடி அந்த ஆண்டு கோப்பையை வென்றார், அந்த நிகழ்ச்சியில் பார்வையற்ற ஒருவர் கலந்துகொண்டதே அதுதான் முதல் முறை. மற்றவர்கள் ஒத்திகைக் காணொளியைப் பார்த்துத் திருத்திக்கொள்வார்கள், கண்ணாடியைப் பார்ப்பார்கள். இவருக்கு டயானின் வாய்ச்சொல்லும் தொடுகையும்தான் பாடம். அதனால் அவர்கள் சேர்ந்து ஆடிய வால்ட்ஸையும் தனித்தனியே பிரிந்து ஆட வேண்டிய சா-சா-சாவையும் அடுத்தடுத்துப் பாருங்கள். வால்ட்ஸில் அவர் கால் வைப்பதில் தயக்கமே இல்லை, டயானின் தோள் வழியாகத் தரையின் வரைபடமே அவருக்கு வந்துகொண்டிருக்கிறது. முதல் வாரச் சா-சா-சாவில் கை விட்டுப்போகிற இடங்களில் அந்த வழி அறுந்துவிடுகிறது, நினைவை மட்டும் நம்பி ஆடுகிறார், ஆடியும் காட்டுகிறார், எனக்கு அதுதான் பெரிய வியப்பு. இந்த வித்தியாசத்தைப் ‘பிடி’ என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு எழுதிப்பாருங்கள்.

சொல்லைப் பரிந்துரைக்கும் முன் இன்னொரு மடலுக்குப் பதில்.

> சிலம்பில் ‘பிண்டியும் பிணையலும்’ என்று வருகிறதே. பிணையல் என்றாலே பிணைந்திருப்பது. ஆயத்தமாக இருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஏன் தேட வேண்டும்?

ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அரங்கேற்று காதையில் அது ஆடலாசான் அறிந்திருக்க வேண்டிய கைவகை. பிண்டி ஒற்றைக்கை, பிணையல் இரட்டைக்கை, இரண்டும் ஒரே ஆளின் கைகள். ஒரு துறைக்குள் ஏற்கெனவே வரையறுத்த பொருளோடு இருக்கும் சொல்லை அதே துறைக்குள் வேறு பொருளில் இறக்கினால் நாளை பரதம் படிக்கும் பிள்ளைகள் நம்மைத் திட்டுவார்கள். அங்கசுத்தம் என்று இன்னொருவர் எழுதியதற்கும் இதே பதில்தான், அது ஒருவர் உடம்பின் ஒழுங்கு. நமக்கு வேண்டியது இரண்டு உடம்புக்கு நடுவில் இருப்பது. பழைய ஆட்டங்களில் இதற்குக் கொஞ்சம் கிட்டத்தில் வருவது குரவைதான், கைகோத்து ஆடுவது, ஆனால் அது வட்டமாகப் பலர் ஆடுவது.

சரி, என் பரிந்துரை: ‘இணைக்கட்டு’. தனியே பேசும்போது வெறும் ‘கட்டு’.

காரணம் சொல்கிறேன். உடற்கட்டு என்ற சொல் நம்மிடம் எப்போதும் இருக்கிறது. “கட்டுக்குலையாத உடம்பு” என்று யாரைப் பற்றியாவது சொல்லாத ஊர் உண்டா? அந்தக் கட்டில் விறைப்பும் இருக்கிறது, உயிரும் இருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது அதோடு வரும் வினைச்சொற்கள். கட்டு நிற்கிறது, கட்டு தளர்கிறது, கட்டு குலைகிறது, கட்டு விட்டுப்போகிறது. நடுவர்கள் வாராவாரம் சொல்வது இவற்றைத்தான். சட்டகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள், “சட்டகம் உடைந்தது” என்றா? அப்புறம் தச்சரைத்தான் கூப்பிட வேண்டும்.

சோதித்துப் பார்க்கச் சில ஆட்டங்களை எடுத்துக்கொள்கிறேன், இவை என் சொந்தக் கருத்து, சண்டைக்கு வரலாம்.

ரோஸ் அய்லிங்-எல்லிஸ், ஜியோவானி பெர்னீசே, 2021. ரோஸ் பிறவியிலேயே காது கேளாத நடிகை. அவர்கள் கோப்பையை வென்றதற்கு எல்லோரும் நினைவில் வைத்திருப்பது நடுவில் இசை நின்றுபோய் அமைதியிலேயே ஆடிய அந்த ஆட்டத்தை. 2022-இல் பாஃப்டா என்ற பிரிட்டிஷ் விருது விழாவில் பார்வையாளர்கள் தேர்ந்தெடுத்த தருணமும் அதுதான். நான் அதைவிட ஆறாவது வாரத்து டேங்கோவை மேலே வைப்பேன். நான்கு நடுவர்களும் பத்துக்குப் பத்து கொடுத்து நாற்பது வந்தது, ஒரு பருவத்தில் அவ்வளவு சீக்கிரம் அதற்கு முன் யாருக்கும் நாற்பது வந்ததில்லை. டேங்கோவில் வால்ட்ஸ்போல எழுந்து தாழ்வது கிடையாது, தரையோடு தட்டையாகப் போக வேண்டும், கட்டு கொஞ்சம் தளர்ந்தாலும் அப்பட்டமாகத் தெரியும். அந்த ஆட்டம் முழுக்க இணைக்கட்டு ஒரு இடத்திலும் குலையவில்லை. அமைதி ஆட்டம் கண்ணில் நீர் வரவைத்தது உண்மை, மதிப்பெண் போடச் சொன்னால் என் பத்து டேங்கோவுக்கு.

பில் பெய்லி, ஓட்டி மபூசே, 2020. ஐம்பத்தைந்து வயதில் வென்ற நகைச்சுவையாளர். ஆளைப் பார்த்தால் வேடிக்கைக்கு வந்தவர் என்று தோன்றும், குயிக்ஸ்டெப்பில் தோள் நின்ற நிலையைப் பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும். ஓட்டி அதற்கு முந்தைய ஆண்டும் கெல்வின் ஃபிளெட்சரோடு வென்றவர். அவர் சொல்லிக்கொடுக்கும் ஆட்களிடம் கால் தப்பினாலும் கட்டு தப்புவதில்லை என்பது என் கணிப்பு.

ஜான் சார்ஜண்ட், கிறிஸ்டினா ரிஹானாஃப், 2008. அரசியல் செய்தியாளர். பாசோ டோப்லேயில் துணையைத் தரையில் இழுத்துக்கொண்டு நடந்தவர். நடுவர்கள் அடிமட்டத்தில் வைக்க வைக்க மக்கள் வாக்குப் போட்டுக் காப்பாற்றிக்கொண்டே இருந்தார்கள், கடைசியில் நவம்பரில், வென்றுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்கிற மாதிரி சொல்லி அவரே விலகிக்கொண்டார். இவரிடம் பிடி இருந்ததா என்பதே கேள்வி, கட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. இழையில் ஒருவர் “அதுவும் பொழுதுபோக்குதானே” என்றார். ஆமாம், நானும் சிரித்தேன். ஆனால் கிறிஸ்டினா மாதிரி ஆடத் தெரிந்த ஒருவர் ஒரு பருவம் முழுக்க நடை மட்டும் நடந்தது எனக்கு உறுத்தியது.

அமெரிக்கப் பதிப்பான ‘டான்சிங் வித் த ஸ்டார்ஸ்’ பார்க்கிறவர்களுக்கு 2018-இல் வானொலித் தொகுப்பாளர் பாபி போன்ஸ் வென்றது நினைவிருக்கும். உற்சாகம் வண்டி வண்டியாக, கட்டு கொஞ்சம்கூடக் கிடையாது. அடுத்த பருவத்திலேயே கடைசி இரண்டு இணைகளில் யாரைக் காப்பாற்றுவது என்ற அதிகாரத்தை நடுவர்கள் கையில் கொடுத்துவிட்டார்கள்.

> லீடு, ஃபாலோ இரண்டுக்கும் நடத்துநர் / தொடர்பவர் என்று வைக்கலாம்.

இணையில் ஆட்டத்தின் போக்கைக் காட்டுபவர் லீடு, அதை வாங்கி ஆடுபவர் ஃபாலோ. நடத்துநர் என்றால் எனக்குச் சில்லறை கேட்கத் தோன்றுகிறது. இயக்குநர் சினிமாவுக்குப் போய்விட்டார். ஏவுநர், ஏவல் என்று ஒருவர் எழுதியிருந்தார், இலக்கணப்படி குற்றமில்லை, ஆனால் பில்லி சூனியத்துக்கு அடுத்து வரும் சொல் அது, வால்ட்ஸுக்கு ஒட்டாது. ‘தொடர்பவர்’ வேண்டாம் என்பதற்கு வேறு காரணம் உண்டு. தொடர்வது என்றால் பின்னால் போவது, அவர் பின்னால் போவதில்லை, வருவதை வாங்கி அந்த நொடியிலேயே ஆட்டமாக மாற்றுகிறார். ‘செலுத்துபவர், ஏற்பவர்’ என்று வைத்தால் என்ன? ஆண்பால் பெண்பால் ஒட்டாமல் இருப்பதும் நல்லது. 2021 இறுதிச்சுற்றுவரை வந்த ஜான் வெய்ட், யோஹானஸ் ராடபே இருவரும் ஆண்கள், ஒரே ஆட்டத்துக்குள் செலுத்துவதையும் ஏற்பதையும் மாற்றிக்கொண்டார்கள், அந்த மாற்றம் நடக்கும் இடங்களில் கட்டு அறுபடாமல் கைமாறுவதைப் பார்ப்பதற்காகவே அவர்கள் ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம்.

இன்னொன்றும் வேண்டும். ஆண் பிரபலம் செலுத்துபவராக நிற்பார், உண்மையில் ஏற்பவராக நிற்கும் பெண் கலைஞர்தான் முதுகை லேசாகத் திருப்பி, கையை ஒரு அழுத்து அழுத்தி அவரைக் கொண்டுபோவார். ஆங்கிலத்தில் பேக்-லீடிங். ‘உள்நின்று செலுத்துதல்’ என்று எழுதிவருகிறேன். நீளம்தான், ஆனால் பார்த்ததும் புரிகிறது.

> டான்ஸ்-ஆஃப் = தப்பாட்டம். தப்பிக்க ஆடும் ஆட்டம்.

சிரித்துவிட்டேன். ஆனால் பறை அடிப்பவர்களிடம் போய் இதைச் சொல்லிவிடாதீர்கள், தப்பாட்டம் அவர்களுடைய கலை. கடைசியில் நிற்கும் இரண்டு இணைகளும் மறுபடி ஆட, நடுவர்கள் ஒன்றை மீட்கிறார்கள் என்பதால் ‘மீட்பாட்டம்’ எனலாம். இதில் எனக்குப் பிடிவாதம் எதுவும் இல்லை.

கெமிஸ்ட்ரிக்கு ‘வேதியியல்’ என்று எழுதிய நண்பருக்கு: வேண்டாம். நம் ஊர்த் தொலைக்காட்சி நடன நிகழ்ச்சிகளில் அந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லி அதற்கு அர்த்தமே தேய்ந்துவிட்டது, கட்டு இருக்கிறதா என்று பார்க்கத் தெரியாத நேரத்தில்தான் கெமிஸ்ட்ரி என்கிறார்கள் என்று எனக்கொரு சந்தேகம். அப்படியே கெமிஸ்ட்ரி என்றே விட்டுவிடுவோம்.

‘கேப்பிங்’, அதாவது சேர்ந்திருக்க வேண்டிய உடம்புகளுக்கு நடுவில் வெளிச்சம் தெரிவது, அதற்குத் தனிச்சொல் தேவையில்லை, ‘இடைவெளி விழுகிறது’ போதும். ‘ரைஸ் அண்டு ஃபால்’, அதாவது வால்ட்ஸில் உடம்பு எழுந்து தாழ்வது, அதுதான் சிக்கல். ஏற்ற இறக்கம் என்றால் வாசகர் பங்குச்சந்தைக்குப் போய்விடுவார். ‘எழுதாழ்வு’ என்று ஒன்று தோன்றியது, எழுதுவதைப் பற்றியதோ என்று படிக்கிறவர் தடுமாறுவார். யாரிடமாவது இருந்தால் புதிய இழையில் போடுங்கள், இதிலேயே தொடர்ந்தால் தேடுகிறவர்களுக்குக் கிடைக்காது. இணைக்கட்டுக்கு மறுப்பு இருப்பவர்கள், மாற்றுச் சொல்லோடு அதைப் பயன்படுத்திய ஒரு வாக்கியத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.