பழைய சிஸ்கோ 2950, 2960, 1841: சிசிஎன்ஏ பயிற்சிக்கு வீட்டு லேபில் இன்னும் உதவுமா?

கரூர்_பாக்கெட் கேட்டது:

வணக்கம். சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழான சிசிஎன்ஏ 200-301 தேர்வுக்குத் தயாராகிறேன். பாக்கெட் டிரேசரில் (சிஸ்கோவின் நெட்வொர்க் சிமுலேட்டர்) விலான் (ஒரே ஸ்விட்ச்சைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிப்பது), ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் வழிகளைத் தாமே கற்கும் முறை) வரை முடித்தாயிற்று. ஓர் அலுவலகம் கழித்துவிட்ட சாமான்கள் மொத்தமாக விலைக்கு வந்திருக்கின்றன: ஸ்விட்ச்களில் 2950-24 இரண்டு, 2960-24டிடி-எல் ஒன்று, 3560-24பிஎஸ் ஒன்று, 1841 ரவுட்டர் இரண்டு (ஒவ்வொன்றிலும் ஒரு டபிள்யூஐசி-2டி சீரியல் கார்டு). பாஸ்வேர்ட் எதுவும் தெரியாது, கணினியிலிருந்து இவற்றை அமைக்க உதவும் கன்சோல் கேபிளும் கிடையாது. இதில் எதை எடுக்கலாம், எதை விட்டுவிடலாம்? பாடத்திட்டத்துக்கு எது உதவாது?

ரோல்ஓவர்:

2960, 3560 இரண்டையும் யோசிக்காமல் எடுங்கள். 1841-களும் நல்லவை. 2950-களைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். மொத்தத்தோடு வந்தால் வரட்டும்.

2950 முழுக்க லேயர் 2 ஸ்விட்ச், ஐபி ரவுட்டிங் செய்யாது. அதன் ஐஓஎஸ் (சிஸ்கோ சாதனங்களின் இயங்குதளம்) 12.1 வரிசையோடு நின்றுவிட்டது. டிரங்க் (பல விலான்களை ஒரே கேபிளில் கடத்துவது), எஸ்டிபி (ஸ்விட்ச்களுக்கு இடையே சுழல் வராமல் தடுப்பது), ஈதர்சேனல் (பல கேபிள்களை ஒன்றாகச் சேர்ப்பது), போர்ட் செக்யூரிட்டி பழக அது போதும். ஆட்டோ-எம்டிஐஎக்ஸ் (கேபிள் வகையைத் தானே உணர்ந்து சரிசெய்வது) கிடையாது என்பதால் இரண்டு 2950-களை நேர் கேபிளால் இணைத்தால் போர்ட் விளக்கே எரியாது. ஒரு முனையில் 1-3, 2-6 மாற்றிக் கிரிம்ப் செய்த கிராஸ்ஓவர் கேபிள் இரண்டு தயாராக வைத்திருங்கள்.

2960-இல் மாடல் எண்ணின் கடைசி எழுத்தைப் பாருங்கள். 'எல்' என்றால் லேன் பேஸ், 'எஸ்' என்றால் வசதி குறைந்த லேன் லைட். லைட்டை மென்பொருள் மாற்றி பேஸ் ஆக்க முடியாது. உங்களுடையது 'எல்', நல்லது. ஐஓஎஸ் 12.2(55)எஸ்இ அல்லது அதற்குப் பிந்தையது இருந்தால் 'எஸ்டிஎம் பிரிஃபர் லேன்பேஸ்-ரவுட்டிங்' கொடுத்து ரீலோடு செய்யுங்கள். எஸ்விஐகளுக்கு (ஒவ்வொரு விலானுக்கும் ஸ்விட்ச்சில் அமைக்கும் ஐபி இடைமுகம்) இடையே ரவுட்டிங்கும், கையால் எழுதும் ஸ்டாட்டிக் ரவுட் 16-உம் கிடைக்கும். ரீலோடு செய்யாமல் 'ஐபி ரவுட்டிங்' அடித்தால் கட்டளையே ஏற்காது. பலர் தடுக்கி விழும் இடம் இது.

3560 லேயர் 3 ஸ்விட்ச். ஐபி பேஸ் இமேஜாக (அடிப்படை வசதிகள் கொண்ட ஐஓஎஸ் கோப்பு) இருந்தாலும் 12.2(55)எஸ்இ முதல் ஓஎஸ்பிஎஃப் ஓர் அளவுக்கு வரும், உங்கள் லேபுக்கு அது தாராளம். டிரங்க் போடும்போது முதலில் 'ஸ்விட்ச்போர்ட் டிரங்க் என்காப்சுலேஷன் டாட்1கியூ', அப்புறம்தான் 'மோட் டிரங்க்'. வரிசை மாறினால் மறுத்துவிடும். 2960-இல் ஐஎஸ்எல் (சிஸ்கோவின் பழைய டிரங்க் முறை) இல்லாததால் அந்த முதல் வரியே அங்கு கிடையாது. ஒன்றின் கன்ஃபிக்கை அப்படியே இன்னொன்றில் ஒட்டாதீர்கள்.

டபிள்யூஐசி-2டிக்காக ஸ்மார்ட் சீரியல் கேபிள் தேடி அலைய வேண்டாம். சீரியல், பிபிபி, ஃபிரேம் ரிலே, ஈஐஜிஆர்பி இவை 200-301-இல் இல்லை. வயர்லெஸ் கண்ட்ரோலர், ஆட்டோமேஷன் பகுதிகளுக்கோ இந்தப் பெட்டிகளில் ஒன்றும் உதவாது. அதற்குப் பாக்கெட் டிரேசரை விட்டுவிடாதீர்கள். சிஸ்கோ மாடலிங் லேப்ஸ் என்ற மெய்நிகர் லேப் மென்பொருளின் இலவசப் பதிப்பிலும் 5 நோடு (சாதனம்) வரை ஓட்டலாம்.

கடையிலேயே மின்சாரம் கொடுத்து 'ஷோ வெர்ஷன்', 'ஷோ ஃபிளாஷ்' பார்த்துவிட்டு வாங்குங்கள். இமேஜ் பெயரில் 'கே9' இல்லையென்றால் எஸ்எஸ்எச் (மறையாக்கத்தோடு தொலைவிலிருந்து நுழையும் முறை) வராது. ஃபிளாஷில் இருக்கிற இமேஜ்தான் உங்களுக்கு. புதியதை இறக்கச் சிஸ்கோவிடம் சர்வீஸ் ஒப்பந்தம் வேண்டும். கண்ட தளத்தில் கிடைக்கும் இமேஜை ஏற்றாதீர்கள்.

மெயின்சுவிட்ச்:

கன்சோலுக்கு: ஆர்ஜே45-டிபி9 ரோல்ஓவர் கேபிள் ஒன்று, யுஎஸ்பி-சீரியல் அடாப்டர் ஒன்று. இல்லாட்டி ரெண்டும் சேர்ந்த ஒரே கேபிள். எஃப்டிடிஐ சிப் இருக்கானு கேட்டு வாங்குங்க. பழைய பிஎல்2303 சிப்பும் அதோட போலிகளும் விண்டோஸ் 11-ல டிரைவர் ஏற்காம மஞ்சள் முக்கோணம் காட்டும். செட்டிங்: 9600, 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட், ஃப்ளோ கண்ட்ரோல் 'நன்'. ஃப்ளோ கண்ட்ரோலை அப்படியே விட்டா எழுத்து திரையில வரும், நீங்க அடிக்கிறது போகாது.

ஸ்விட்ச் பாஸ்வேர்ட்: பவர் கேபிளை எடுங்க. மோட் பட்டனை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே திரும்பச் சொருகுங்க. 2960-ல சிஸ்ட் விளக்கு பச்சையில மின்னி, ஒரு கணம் ஆம்பராகி, நிலையான பச்சைக்கு வரும்வரை விரலை எடுக்காதீங்க. 2950-ல ஸ்டாட் விளக்கு அணைஞ்சதும் விடலாம். 'ஸ்விட்ச்:' பிராம்ப்ட் வந்ததும் 'ஃபிளாஷ்_இனிட்', அப்புறம் 'டிர் ஃபிளாஷ்:'. பழைய ஆபீஸ் கன்ஃபிக் உங்களுக்குத் தேவையில்லை, வெச்சிருக்கவும் கூடாது. 'கன்ஃபிக்.டெக்ஸ்ட்', 'விலான்.டாட்' ரெண்டையும் டெலீட் பண்ணிட்டு 'பூட்'. முதல் ஃபைலை மட்டும் அழிச்சா பழைய விலான், விடிபி (ஸ்விட்சுகளுக்குள்ள விலான் லிஸ்ட்டைப் பரப்புற முறை) டொமைன், ரிவிஷன் நம்பர் எல்லாம் அப்படியே இருக்கும். அதிக ரிவிஷன் நம்பரோட வர்ற ஸ்விட்சை அதே டொமைன் இருக்கிற லேபுல சொருகினா, மத்த ஸ்விட்சுல இருக்கிற விலான் லிஸ்ட் முழுசா மாறிடும். எல்லாத்தையும் 'விடிபி மோட் டிரான்ஸ்பேரண்ட்' ஆக்கிட்டு இணைங்க.

1841 பாஸ்வேர்ட்: பூட் ஆகும்போது முதல் 60 விநாடிக்குள்ள டெர்மினல்ல இருந்து பிரேக் சிக்னல் அனுப்புங்க. சில யுஎஸ்பி அடாப்டர் பிரேக் சிக்னலை அனுப்பவே அனுப்பாது. அப்போ பின்பக்கம் இருக்கிற காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டைக் கழட்டிட்டு ஆன் பண்ணுங்க, நேரா ராம்மான் (ஐஓஎஸ் ஏறாம நிற்கிற மீட்பு மோட்) வந்துடும். கார்டைத் திரும்பப் போட்டு, 'கான்ஃப்ரெக்' மதிப்பை 2142 ஆக்கி (முன்னால 0x சேர்த்து), 'ரீசெட்'. உள்ள போய் 'ரைட் இரேஸ்', 'கன்ஃபிக்-ரெஜிஸ்டர்' 2102, ரீலோடு. சேவ் பண்ணவானு கேட்டா 'நோ'. 2102-க்குத் திருப்ப மறந்தா, ஒவ்வொரு ரீபூட்லயும் உங்க கன்ஃபிக் காணாமப் போன மாதிரி வெறுமையா எழுந்து நிற்கும்.

இமேஜே அழிஞ்ச ஸ்விட்ச் கையில வந்தா எக்ஸ்மோடம்தான் (கன்சோல் கேபிள் வழியாவே ஃபைல் அனுப்புற முறை). ஏறக்குறைய 11 எம்பி இமேஜ் 9600-ல மூணு மணி நேரத்துக்கு மேல இழுக்கும். 'செட் பாட் 115200' கொடுத்து, டெர்மினலையும் அதே வேகத்துக்கு மாத்தினா இருபது நிமிஷத்துக்குள்ள முடியும். முடிஞ்சதும் 9600-க்குத் திருப்பிடுங்க.

கரூர்_பாக்கெட்:

மொத்தமும் எடுத்தாயிற்று, கடவுச்சொல் எல்லாம் நீங்கிவிட்டது. இரண்டு இடத்தில் நிற்கிறேன். உபுண்டு 22.04-இலிருந்து 2960-க்கு எஸ்எஸ்எச் போட்டால் கீ எக்ஸ்சேஞ்ச் பொருந்தவில்லை என்கிறது. 1841-ஐ டிஎச்சிபி சர்வராக்கி (ஐபி முகவரி தருவது), 2960-இல் டிஎச்சிபி ஸ்னூப்பிங் (போலி டிஎச்சிபி சர்வரைத் தடுப்பது) போட்டதும் கணினிக்கு ஐபி வருவதில்லை. அப்லிங்க் போர்ட்டில் 'டிரஸ்ட்' இருக்கிறது.

ரோல்ஓவர்:

எஸ்எஸ்எச் கோளாறு உங்கள் உபுண்டு பக்கம். பழைய ஐஓஎஸ் தரும் முறைகளைப் புதிய ஓபன்எஸ்எஸ்எச் பாதுகாப்பற்றவை என்று இயல்பாகவே அணைத்து வைத்திருக்கிறது. பிழைச் செய்தியின் கடைசியில் 'தெயர் ஆஃபர்' என்று ஸ்விட்ச் தருவது அச்சாகும். பெரும்பாலும் டிஃபி-ஹெல்மன் குரூப்1 அல்லது குரூப்14, ஷா1. அதையே 'கெக்ஸ்அல்காரிதம்ஸ்' வரியில் கூட்டல் குறியோடு சேருங்கள். அடுத்து 'ஹோஸ்ட்கீஅல்காரிதம்ஸ்' வரியில் எஸ்எஸ்எச்-ஆர்எஸ்ஏ, 'சைஃபர்ஸ்' வரியில் ஏஇஎஸ்128-சிபிசி. இவற்றை உங்கள் எஸ்எஸ்எச் கன்ஃபிக் கோப்பில் அந்த லேப் முகவரிகளின் கீழ் மட்டும் எழுதுங்கள், எல்லா ஹோஸ்ட்டுக்கும் திறந்துவிடாதீர்கள். ஸ்விட்ச்சில் ஆர்எஸ்ஏ கீயை 2048-இல் புதிதாக உருவாக்குங்கள். 512, 768 பிட் கீகளைப் புதிய கிளையண்ட் ஏற்காமல் போகலாம்.

ஸ்னூப்பிங்: ஸ்விட்ச் கோரிக்கையில் ஆப்ஷன் 82-ஐ (கோரிக்கை எந்த ஸ்விட்ச், எந்த போர்ட்டிலிருந்து வந்தது என்ற குறிப்பு) சேர்த்து அனுப்புகிறது. ரிலே முகவரி சுழியமாக இருக்க, ஆப்ஷன் 82 மட்டும் ஒட்டி வரும் பாக்கெட்டை ஐஓஎஸ் சர்வர் தூக்கி எறிந்துவிடும். 2960-இல் 'நோ ஐபி டிஎச்சிபி ஸ்னூப்பிங் இன்ஃபர்மேஷன் ஆப்ஷன்' கொடுங்கள். ஆப்ஷன் வேண்டுமென்றால் 1841-இல் 'ஐபி டிஎச்சிபி ரிலே இன்ஃபர்மேஷன் டிரஸ்ட்-ஆல்'. அந்த விலானுக்குத் தனி ஸ்னூப்பிங் வரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மெயின்சுவிட்ச்:

2950 பத்தி ரோல்ஓவர் சொன்னதுல எனக்குக் கொஞ்சம் மாற்றுக்கருத்து. ஃபிசிக்கல் லேயர் கோளாறு பழக அதுதான் மலிவான வழி. இதைச் செஞ்சு பாருங்க: 2950-ல ஒரு போர்ட்டை 'ஸ்பீட் 100', 'டூப்ளெக்ஸ் ஃபுல்' (ஒரே நேரத்துல ரெண்டு திசையிலும் அனுப்புறது) ஆக்குங்க. 2960 போர்ட் ஆட்டோவிலேயே இருக்கட்டும். எதிர்முனை நெகோஷியேட் பண்ணாததால 2960 வேகத்தை மட்டும் கண்டுபிடிச்சு, ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு இறங்கிடும். பிங் போகும், ஆனா பெரிய ஃபைல் காப்பி ஊர்ந்து போகும். 'ஷோ இன்டர்ஃபேஸ்' பார்த்தா ஹாஃப் பக்கம் லேட் கொலிஷன் ஏறும், ஃபுல் பக்கம் சிஆர்சியும் (பழுதான ஃபிரேம்) ரண்ட்டும் (அளவு குறைஞ்ச ஃபிரேம்) ஏறும். கன்சோல்ல சிடிபி (பக்கத்துச் சிஸ்கோ சாதனத்தை அறியுற முறை) டூப்ளெக்ஸ் மிஸ்மேட்ச்னு செய்தியும் வரும். அந்தக் கவுண்டர் ரெண்டு பக்கமும் வேற வேற மாதிரி ஏறுறதைக் கண்ணால பார்த்தவங்க, பரீட்சையில அந்தக் கேள்விக்குத் தயங்க மாட்டாங்க.

லேபை வீட்டு வைஃபை ரவுட்டரோட நேரா இணைக்காதீங்க. 1841-ன் டிஎச்சிபி வீட்டு நெட்வொர்க்குக்குள்ள கசிஞ்சா டிவி, போன் எல்லாம் லேப் முகவரி வாங்கி நெட் இல்லாம நிற்கும். 2960, 3560-ல 'நோ விஸ்டாக்' கொடுத்து ஸ்மார்ட் இன்ஸ்டாலை (புது ஸ்விட்சைத் தானா அமைக்கிற சேவை) அணைங்க. டிசிபி 4786-ல கேக்கிற அந்தச் சேவையில 2018-ல மோசமான ஓட்டை வெளியாச்சு.

மின்சாரம்: கேட்டலிஸ்ட்டுல பவர் சுவிட்சே கிடையாது. மூணு பின் எர்த் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல, ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்ச் இருக்கிறதா வாங்கிப் போடுங்க. மொத்தம் 150 வாட் எடுத்தாக்கூட, நாளுக்கு 4 மணி நேரம் ஓட்டினா மாசம் 18 யூனிட், ரெண்டு மாச பில்லுல 36. 3560-24பிஎஸ் ஃபேன் சத்தம் படிக்கிற அறையில தாங்காது, அதை லேயர் 3 லேபுக்கு மட்டும் ஆன் பண்ணுங்க.

கரூர்_பாக்கெட்:

ஆப்ஷன் 82 வரியை எடுத்ததும் ஐபி வந்துவிட்டது. எஸ்எஸ்எச்சில் குரூப்1 சேர்க்க வேண்டியிருந்தது, இப்போது உள்ளே போகிறது. இரண்டு பேருக்கும் நன்றி. அடுத்து அந்த டூப்ளெக்ஸ் சோதனைதான்.