புதுப்பிப்பு: ஈகோபூஸ்ட்டில் கேட்ச் கேன், குளிர்காலம் முடிந்த பிறகு

என் 2015 ஃபோர்டு எஃப்-150, 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட்டுக்கு (ஃபோர்டின் டர்போ எஞ்சின்) ஆயில் கேட்ச் கேன், அதாவது எஞ்சின் ஆவியில் வரும் ஆயிலைப் பிடித்து வைக்கும் சிறு டப்பா, தேவையா என்று இலையுதிர் காலத்தில் கேட்டிருந்தேன். மாட்டிவிட்டேன். பிசிவி வால்வுக்கும் (எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடுவது) இன்டேக் மேனிஃபோல்டுக்கும் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்) நடுவில், உள்ளே கம்பி வலை வைத்த மூடிய கேன்.

முதலில் கறுத்த ஆயில்தான் சேர்ந்தது. குளிர் இறங்கியதும் கதையே மாறிவிட்டது: தண்ணீரும் பெட்ரோலும் ஆயிலும் கலந்த, பால் விட்ட காபி மாதிரி ஒரு குழம்பு. கனடா குளிரில் ஓட்டுபவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். அந்தத் தண்ணீர் உறைந்து குழாயை அடைத்தால் கிராங்க்கேஸில் (எஞ்சினின் அடிக்கூடு) அழுத்தம் ஏறும், ஆயில் சீல்கள் கசியத் தொடங்கும். குறுகிய தூரமே ஓடும் வண்டியில் ஆபத்து இன்னும் அதிகம். ஆயில் மாற்றும் நாள்வரை காத்திருக்காமல் அடிக்கடி வடித்துவிடுகிறேன்.

பலன் உண்டா? என் எஞ்சினில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பாய்கிறது, இன்டேக் வால்வைக் கழுவ ஒன்றுமில்லை, ஆயில் ஆவி அதில் கரியாகப் படியும். அதனால் மாட்டியது சரி என்றே நினைக்கிறேன். 2017 முதல் வந்த எஃப்-150-இன் 3.5-இல், வால்வுக்கு முன்பே பெட்ரோலைத் தெளித்து அதைக் கழுவும் போர்ட் இன்ஜெக்‌ஷனும் இருப்பதால் அவர்களுக்கு அவசரமில்லை. ஏற்கெனவே படிந்த கரியைக் கேன் எடுக்காது. அதற்கு வால்நட் ஓட்டுத் தூள் பீய்ச்சிச் சுத்தம் செய்வது வழக்கம்.