கிளைம்ப் மில்லிங்கில் எண்ட்மில் உடைகிறது, அவசரம்

பீளமேடு பையன்:
நாளைக் காலை 40 பீஸ் அனுப்ப வேண்டும். வெளிச்சுற்று ஓட்டும்போது கட்டர் திடீரென வேலைக்குள் பாய்கிறது. இரண்டு எண்ட்மில் கட்டர் போய்விட்டன. சி.என்.சி. (கணினி ஓட்டும் மெஷின்) என்றால் கிளைம்ப்தானே (டேபிள் நகரும் பக்கமே பல் வெட்டுவது)? கன்வென்ஷனலுக்கு (அதற்கு எதிராக வெட்டுவது) மாற்றவா?

சீவல்:
என்ன உலோகம்? கட்டர் அளவு, பல், ஃபீட் (டேபிள் நகரும் வேகம்)? ஜாதகம் பார்க்கக்கூடப் பிறந்த நேரம் கேட்பார்கள்.

கோலட் தாசன்:
கட்டரைப் பிடிக்கும் கோலட் தேய்ந்திருக்கும். மாற்றுங்கள்.

பழைய ஃபிட்டர்:
தம்பி, இது ஐ.டி.ஐ. முதலாண்டுப் பாடம். கிளைம்பில் பல் தடித்த சீவலில் தொடங்கி மெலிதாக முடிக்கும். டேபிள் நகரும் பக்கமே கட்டரும் வேலையைத் தள்ளும். டேபிளை நகர்த்தும் ஸ்க்ரூவில் ஆட்டம் இருந்தால் டேபிளையே இழுத்துக்கொள்ளும். படித்துவிட்டு வந்து கேட்கலாம்.

பீளமேடு பையன்:
304 எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), 10 மி.மீ., நான்கு பல் கார்பைடு. மெஷினில் குறையில்லை ஐயா. பழைய மில்லிங், மோட்டார், கண்ட்ரோலர் போட்டு சி.என்.சி. ஆக்கினோம்.

சீவல்:
ஆட்டமில்லாத பால் ஸ்க்ரூ போட்டீர்களா?

பீளமேடு பையன்:
இல்லை, பழைய ஸ்க்ரூதான். ஏன்?

சீவல்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்! டயல் கேஜ் வைத்து, டேபிளைத் திசை மாற்றி ஆட்டம் பாருங்கள். கண்ட்ரோலரில் பேக்லாஷ் (அந்த ஆட்டம்) எண் போட்டால் நிலை திருந்தும், இழுப்பு நிற்காது. இப்போதைக்குக் கன்வென்ஷனல்தான். ஆனால் அதில் சீவல் சுழியத்தில் தொடங்குவதால் பல் முதலில் தேய்க்கும், 304 இறுகிவிடும். பயந்துபோய் ஃபீட்டைக் குறைக்காதீர்கள், பல்லுக்கு 0.04 மி.மீ.யாவது இருக்கட்டும்.

வார்ப்புக்கை:
கன்வென்ஷனல் என்ன, வேறு வழியில்லாதவன் வைத்தியமா? மணல் ஒட்டிய வார்ப்பில் கிளைம்ப் ஓட்டினால் ஒவ்வொரு பல்லும் அந்தக் கடினமான மேல்தோலில் மோதித்தான் நுழையும்.

பழைய ஃபிட்டர்:
மணலை உதிர்க்க ஷாட் பிளாஸ்டிங் (சிறு குண்டுகளை வீசி அடிப்பது) என்று ஒன்று உண்டு.

வார்ப்புக்கை:
மணல் போகும் ஐயா. தோலின் கடினமும் போய்விடுமா?

பழைய ஃபிட்டர்:
நான் வார்ப்பு ஓட்டிய காலத்தில் நீங்கள் பிறந்திருக்கமாட்டீர்கள்.

சீவல்:
கேட்டவர் எஸ்.எஸ். ஓட்டுகிறார். வார்ப்புக்குத் தனி இழை தொடங்குங்கள்.

பீளமேடு பையன்:
டயலில் 0.18 மி.மீ. ஆட்டம். கன்வென்ஷனலில் 31 பீஸ் முடிந்தது. கட்டர் சுவர்ப்பக்கம் வளைந்து அளவு 0.03 மி.மீ. குறைந்தது, ஆஃப்செட் (அளவுத் திருத்தம்) கொடுத்துவிட்டேன். கோலட்டும் மாற்றினேன். நன்றி.

கோலட் தாசன்:
நான் சொன்னேன் அல்லவா!