அமிர்திச் சாலையோரச் செங்காந்தள் இவ்வாண்டு ஏன் பூக்கவில்லை?

காட்பாடி வாசகர் (வினா):
அமிர்திக்குச் செல்லும் சாலையில் காப்புக்காடு தொடங்கும் இடத்தில், ஒரு சூரைப்புதரின் மீது செங்காந்தள் படர்ந்து பூப்பதை மூன்று ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். ஆடி மழைக்குப் பின் தளிர்த்து ஐப்பசியில் பூக்கும். தை பிறப்பதற்குள் கொடி காய்ந்துவிடும். கடந்த கோடையில் சாலையை அகலப்படுத்தியவர்கள் அப்புதரை வெட்டிவிட்டார்கள். இப்போது புரட்டாசி முடியப்போகிறது. ஒரே ஒரு தண்டு எழுந்து மொட்டின்றித் தரையில் கிடக்கிறது. இருபது அடி உள்ளே நிழலான காட்டில் ஒரு செடிகூட இல்லாததும் எனக்கு வியப்பாக இருக்கிறது. கிழங்கைத் தோண்டி வீட்டுக்குக் கொண்டுவந்து காப்பாற்றலாமா?

ஆலங்காயம் வாசகர்:
ஐயா, உங்கள் இரண்டு ஐயங்களுக்கும் விடை ஒன்றுதான். செங்காந்தளுக்கு அடிப்பகுதியில் நிழலும் ஈரமும் வேண்டும், தலைப்பகுதியில் வெயில் வேண்டும். அடர்ந்த காட்டின் உள்ளே வெயில் கிடைக்காது, வெட்டவெளியில் நிழல் கிடைக்காது என்பதால், சூரை, காரை, களா போன்ற முட்புதர்கள் நிற்கும் காட்டோரமே அதற்கு ஏற்ற இடம். அதற்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. மேல் இலைகளின் நுனியே நீண்டு சுருண்டு பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொள்கிறது. புதர் போனதால் அதன் ஏணியே போய்விட்டது. மூலனூர்ப் பக்கம் விதைக்காக இதைப் பயிரிடும் உழவர்களும் படர்வதற்குக் கம்பியோ முட்குச்சியோ கொடுத்தே வளர்க்கிறார்கள்.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். கலப்பை வடிவிலுள்ள பழைய கிழங்கு தளிரை மேலே அனுப்பிவிட்டு வற்றிப்போகும். அந்த ஆண்டு இலைகள் சமைக்கும் உணவிலிருந்தே புதிய கிழங்கு உருவாகும். ஆகவே, இவ்வாண்டு கொடி வெயிலை எட்டாவிட்டால் அடுத்த ஆண்டுக் கிழங்கு சிறுத்துவிடும், சிறிய கிழங்கு பெரும்பாலும் பூப்பதில்லை.

ஜவ்வாது மலை வாசகர்:
எங்கள் பக்கத்தில் நான் கவலையோடு பார்ப்பது உண்ணிச்செடியை (லண்டானா)த்தான். அதுவும் முட்புதர்தானே, கொடி ஏறிக்கொள்ளாதா என்று சிலர் கேட்கிறார்கள். சூரை ஒளியை வடிகட்டி உள்ளே விடுகிறது; உண்ணியோ கூரை வேய்ந்ததுபோல் மூடிவிடுகிறது. அது பரவிய சரிவில், நான் சிறுவயதில் பார்த்த காந்தள் இன்று இல்லை. கோடைத் தீயைக் காட்டிலும் இதுவே பெரிய இடர் என்பது என் கருத்து, ஏனெனில் தீ கடக்கும் மாதங்களில் கிழங்கு மண்ணுக்குள் உறங்குகிறது.

கருப்பு உடலில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளிகள் கொண்ட புழுக்கள் இலைகளைத் தின்றால் மருந்து தெளித்துவிடாதீர்கள். காந்தளின் நஞ்சைத் தாங்கி வாழும் அந்துப்பூச்சியின் புழுக்கள் அவை.

ஆரணி வாசகர்:
கிழங்கைத் தோண்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். காப்புக்காட்டில் தோண்டுவது குற்றம் என்பது ஒருபுறம். முளை கிழங்கின் கவட்டு நுனியில் மட்டுமே இருப்பதால், கடப்பாரை பட்டு நுனி ஒடிந்தால் அந்தக் கவடு தளிர்க்காது. செடி முழுவதிலும் கோல்ச்சிசின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. கிழங்கைத் தின்றால் உயிரே போகும் என்பதால், குழந்தைகள் உள்ள வீட்டில் வைக்கத்தக்கதன்று. இதழ்கள் மஞ்சளிலிருந்து முழுச் சிவப்பாக மாறுவதையும், சூலகத் தண்டு ஒடிந்ததுபோல் பக்கவாட்டில் வளைந்து வண்ணத்துப்பூச்சியின் சிறகுக்காகக் காத்திருப்பதையும் அந்தச் சாலையோரத்திலேயே பார்க்கலாம். தண்டின் அருகில் ஒரு காய்ந்த முட்கிளையை ஊன்றிவிடுங்கள், போதும்.

காட்பாடி வாசகர்:
அனைவருக்கும் நன்றி. ஞாயிறன்று காய்ந்த காரைக்கிளை ஒன்றைத் தண்டுக்கு வலிக்காமல் ஊன்றிவிட்டு வந்தேன். இன்று போய்ப் பார்த்தபோது நான்கு இலைநுனிகள் அதைச் சுற்றிக்கொண்டிருந்தன. மொட்டு இன்னும் வைக்கவில்லை.