மறு: அண்டர்பெயின்டிங்குக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

> ‘அடிப்பூச்சு’ போதுமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். சுவருக்கு வண்ணம் அடிப்பவர் பிரைமரைத்தான் அடிப்பூச்சு என்கிறார். கித்தானில் முதலில் பூசும் வெள்ளைப் பூச்சான ஜெஸ்ஸோவும் அதுதான். நாம் பெயர் தேடுவது அதற்கு மேலே வருவதற்கு: நிறங்களை ஏற்றுமுன் ஒரே வண்ணத்தில் ஒளியையும் நிழலையும் தீட்டிவைக்கும் கட்டத்துக்கு.

பல உருவங்கள் நிறைந்த பழைய ஓவியத்தைப் பார்த்துத் தீட்டிப் பழகுகிறவருக்கு இந்தக் கட்டம்தான் உயிர். இத்தாலிய ஓவியர் காரவாஜியோவின் ‘இயேசுவின் அடக்கம்’ (1603–04, வத்திக்கான்) ஓவியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இயேசுவையும் சேர்த்து ஆறு பேர் நெருக்கியடித்து இருக்கிறார்கள். சதுரக் கட்டங்கள் போட்டுக் கோடுகளை இறக்கியதும் முகங்களுக்குள் நுழைந்துவிட்டால், ஒவ்வொரு முகமும் நன்றாக வரும், கூட்டம் மட்டும் சேராது. அதனால் முதலில் அம்பர் என்னும் மண்பழுப்பும் வெள்ளையும் போதும். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள்: வலது மேல்மூலையில் உயர்ந்திருக்கும் கைகளில் தொடங்கி, இயேசுவின் வெளுத்த உடல்வரை வெளிச்சம் ஒரே சரிவாக இறங்குகிறது. அந்தச் சரிவைப் பழுப்பிலேயே பிடித்துவிட்டால், பிறகு யோவானின் சிவப்பு மேலாடையை எந்த அளவுக்கு இருட்டாக்குவது என்று திணற வேண்டாம். (காரவாஜியோவே இப்படித்தான் செய்தார் என்று சொல்லவில்லை, இது பயில்பவருக்கான வழி. பிளெமிஷ் ஓவியர் ரூபன்ஸ் இதே ஓவியத்தைப் பார்த்துத் தீட்டியபோது சிலவற்றை மாற்றிக்கொண்டார். மாணவருக்கு அந்தச் சலுகை இப்போதைக்கு வேண்டாம்!)

ஆக, இது வெறும் பூச்சு இல்லை, நிறம் ஏறாத முழு ஓவியம். ‘அடியோவியம்’ என்பது என் பரிந்துரை. பழுப்பு அடியோவியம், சாம்பல் அடியோவியம், பச்சை அடியோவியம் என்று வகைகளுக்கும் இழுத்துக்கொள்ளலாம். பாடக்குறிப்பில் போட்டுப் பார்த்தேன்: “அடியோவியத்தில் எண்ணெய் குறைவாக இருக்கட்டும், மேலே போகப் போகக் கூட்டவும். மாற்றிச் செய்தால் வெடிப்பு விடும்.” நாக்கில் இடறவில்லை.

> ‘முன்வரைவு’?

அது கோட்டோவியத்துக்கும் கட்டுரைக்கும் ஏற்கெனவே போய்விட்டது.

ஒரு சிக்கல் உண்டு. பழைய கித்தானில் ஒரு படத்தின் மேலேயே வேறு படம் தீட்டியிருப்பார்கள், எக்ஸ்ரேயில் கீழே உள்ளது தெரியவரும். அதையும் அடியோவியம் என்று யாராவது எழுதிவிடலாம். அதற்குப் ‘புதையோவியம்’ என்று தனியாக வைத்துக்கொள்வோமா?

அப்புறம், காய்ந்த வண்ணத்தின் மேல் ஒளி ஊடுருவும்படி மெல்லியதாகப் பூசும் கிளேஸுக்கு ‘மெருகு’ வேண்டாம், அது வார்னிஷுக்குத்தான் பொருந்தும். அதைத் தனி இழையில் பேசலாம்.