குள்ளர் வீடும் குள்ளன் கல்லும்

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக்குள்தான் எங்கள் வீடு. தோட்டத்தைத் தாண்டிச் சரிவில் ஏறினால் ஒரு கல்திட்டை. மூன்று பக்கம் பலகைக்கல், மேலே ஒரு மூடுகல். ஆயா அதைக் குள்ளர் வீடு என்பார். முழங்கால் உயர மனிதர்கள் நெருப்பு மழைக்குப் பயந்து கட்டிக்கொண்டார்களாம். அது செத்தவர்களுக்கான ஈமச்சின்னம் என்பதெல்லாம் கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரியும்.

மகன் ஸ்காட்லாந்தில், அபர்டீனில் இருக்கிறான். போயிருந்தபோது ஆர்க்னித் தீவுகளுக்குக் கூட்டிப்போனான். கப்பலில் ஆறு மணி நேரம். அப்புறம் ஸ்ட்ராம்னஸிலிருந்து சின்னப் படகில் ஹோய் தீவு. கடல் ஆட்டிய ஆட்டத்தில் மருமகள் கட்டிக்கொடுத்த புளிச்சோற்றை யாரும் தொடவில்லை.

பள்ளத்தாக்கில் பேருக்குக்கூட மரம் இல்லை. சதுப்பின் மேல் போட்ட பலகைப் பாதையில் நடந்தால், தனியாக ஒரு பாறை. ட்வார்ஃபி ஸ்டேன் என்று பெயர். என்ன அர்த்தம் என்றேன். "குள்ளன் கல்லுப்பா" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நம்முடையது பலகைகளை நிறுத்திக் கட்டியது. இதுவோ எட்டரை மீட்டர் நீளமுள்ள ஒரே செம்மணற்கல். சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன், இரும்பைக் கண்ணால் பார்க்காதவர்கள் குடைந்த கல்லறை. வாசலை அடைத்த கல் எதிரிலேயே கிடக்கிறது.

மூட்டுவலியோடு தவழ்ந்து உள்ளே போனேன். இருபுறமும் ஒவ்வோர் அறை. வலப்புற அறையில் ஓரமாகக் கொஞ்சம் கல்லைக் கொத்தாமல் விட்டிருக்கிறார்கள், தலையணை மாதிரி. தலை வைத்துப் பார்த்தேன். காலை மடக்கினால்தான் படுக்க முடிகிறது. சுவரைத் தடவினால் புதிதாகக் கொத்திய அம்மி போலச் சொரசொரப்பு. பேசினால் குடத்துக்குள் பேசுவது போல இருக்கிறது.

வெளிப்பக்கம் 1850இல் மவுன்சி என்ற ஆங்கிலேயர் தன் பெயரையும் பாரசீக மொழியில் ஒரு வரியையும் வெட்டி வைத்திருக்கிறார். இரண்டு இரவு இங்கே உட்கார்ந்து பொறுமையைக் கற்றாராம். ஐயாயிரம் வருடக் கல்லில் பெயர் வெட்டியவரை மன்னிக்க மனம் வரவில்லை. ஆனால் பொறுமை விஷயம் உண்மைதான். கொசுவைவிடச் சின்னப் பூச்சிகள் காதுக்குள் புகுந்து கடித்தன. எனக்கு இருபது நிமிடமே போதுமென்று ஆகிவிட்டது.

சேலத்தில் இருக்கும் அக்காவுக்குப் படம் அனுப்பினேன், "இதுவும் குள்ளர் வீடாம்" என்று. உடனே பதில் வந்தது: "அங்கயும் நெருப்பு மழையாடா?"