மறு: டீஆப்டிமைசேஷனுக்குத் தமிழில் என்ன? ‘படியிறக்கம்’ என்று வைக்கலாமா

வணக்கம் நண்பர்களே,

தொகுப்பி (நிரலை இயந்திரக் குறிமுறையாக மாற்றும் கம்பைலர்) உகப்பாக்கி, அதாவது வேகமாக ஓடும்படி மெருகேற்றி, எழுதிய குறிமுறையிலிருந்து, ஓடும் நிரலை நடுவிலேயே மெதுவான குறிமுறைக்கு மாற்றுவதுதான் டீஆப்டிமைசேஷன். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை முதலிலிருந்து படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: உகப்புநீக்கம், ஊகத்துறப்பு, நிலைமீட்பு. மூன்றுமே யோசித்து வைத்தவைதான், ஆனாலும் எனக்கு மூன்றிலும் ஒவ்வொரு தடை இருக்கிறது. என் பரிந்துரை படியிறக்கம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> உகப்பாக்கத்துக்கு எதிர்ச்சொல்தானே வேண்டும், உகப்புநீக்கம் போதாதா?

போதாது என்றுதான் நினைக்கிறேன். நீக்கம் என்றதும் தொகுப்பி போட்ட மெருகை யாரோ துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. அங்கே நடக்கும் வேலை அதைவிட எவ்வளவோ பெரியது. ஜாவாஸ்கிரிப்டில் ஒரு விலைப்பட்டியலைக் கூட்டும் செயற்கூறு (ஃபங்ஷன்) என்று வைத்துக்கொள்வோம். வருவதெல்லாம் முழு எண்ணாகவே இருப்பதைப் பார்த்துப் பார்த்து, வி8 (குரோம் உலாவியில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் மென்பொருள்) இனியும் அப்படித்தான் வரும் என்று ஊகித்து வேகமான இயந்திரக் குறிமுறை எழுதிவிட்டது, எண்ணை எடுக்கும் இடத்தில் ஊகம் சரிதானா என்று பார்க்க ஒரு சின்னக் காவல் மட்டும் வைத்திருக்கிறது. ஐயாயிரம் விலை உள்ள பட்டியலில் நாலாயிரமாவதாக ‘ரூ. 150’ என்று ஒரு சரம் (எழுத்துத் தொடர்) வந்து நிற்கிறது. காவல் தடுத்துவிட்டது. சரி, இப்போது என்ன செய்வது? முதலிலிருந்து ஓட்ட முடியாது, ஏனென்றால் அதற்குள் நிரல் திரையில் ஏதாவது எழுதியிருக்கலாம், கோப்பில் எதையாவது சேர்த்திருக்கலாம். விட்ட இடத்திலேயே, அதே நாலாயிரமாவது விலையில், மெதுவான குறிமுறையில் தொடர வேண்டும்.

அதுவரை கூட்டிய மொத்தம் செயலியின் ஒரு பதிவகத்தில் (ரெஜிஸ்டர்) இருக்கும், எத்தனையாவது விலை என்ற சுட்டெண் இன்னொன்றில் இருக்கும், அவற்றை எடுத்து இன்டர்பிரிட்டர் (நிரலைக் கட்டளை கட்டளையாகப் படித்து ஓட்டும் மென்பொருள்) எதிர்பார்க்கும் சட்டகத்தில் (ஒரு செயற்கூறின் மாறிகள் இருக்கும் நினைவகப் பகுதி) உரிய இடங்களில் வைக்க வேண்டும். கூட்டும் செயற்கூறு அழைக்கும் இன்னொன்று, அது அழைக்கும் மற்றொன்று, இரண்டையும் தொகுப்பி உள்ளேயே விரித்து எழுதியிருந்தால், ஒரே சட்டகம் இருந்த இடத்தில் மூன்று சட்டகங்களைக் கட்ட வேண்டும். இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. ஒரு பொருள் (ஆப்ஜெக்ட்) அந்தச் செயற்கூறுக்கு வெளியே போகவே போகாது என்று தெரிந்தால் தொகுப்பி அதை நினைவகத்தில் உருவாக்குவதே இல்லை, அதன் புலங்கள் (உள்ளே இருக்கும் மதிப்புகள்) மட்டும் பதிவகங்களில் உலவும். காவல் தடுக்கிற நொடியில், அதுவரை இல்லாமலே இருந்த அந்தப் பொருளைப் புதிதாக உண்டாக்கித் தர வேண்டும்! எந்த மதிப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைத் தொகுப்பி குறிமுறையோடு சேர்த்தே எழுதி வைப்பதால்தான் இது முடிகிறது. இத்தனை வேலையை ‘நீக்கம்’ என்ற சொல் தாங்காது.

> அப்படியானால் நிலைமீட்பு பொருந்துகிறதே, நிலையைத்தானே மீட்கிறோம்?

மீட்பு என்றால் பழைய நிலைக்குப் போவது. தரவுத்தளக்காரர்கள் நடந்த மாற்றங்களை அழித்து முன்னிருந்த நிலைக்குப் போவார்களே, படிப்பவர் அதைத்தான் நினைப்பார். இங்கே காலம் பின்னோக்கிப் போவதில்லை, நடந்தது எதுவும் அழிவதில்லை, நிரல் இருக்கும் இடம்கூட மாறுவதில்லை. மாறுவது ஓடும் குறிமுறை மட்டுமே.

ஊகத்துறப்புதான் மிக நெருங்கி வந்த சொல். காவல் தடுத்தாலும் சரி, ஜாவாவில் ஒரே ஒரு துணை வகுப்புதான் (சப்கிளாஸ்) இருக்கிறது என்று நம்பி எழுதிய குறிமுறை, இன்னொரு துணை வகுப்பு ஏறியதும் செல்லாமல் போனாலும் சரி, அழகாகப் பொருந்துகிறது. ஆனால் இந்த நுட்பம் பிறந்த இடத்திலேயே பொருந்தவில்லை. உர்ஸ் ஹோல்ஸ்லே, கிரெய்க் சேம்பர்ஸ், டேவிட் அங்கர் மூவரும் 1992-இல் செல்ஃப் என்ற நிரல்மொழிக்காக இதை எழுதியபோது அவர்கள் தீர்க்க வந்தது பிழைதிருத்தச் சிக்கலை. உகப்பாக்கிய குறிமுறை ஓடிக்கொண்டிருக்கும்போது நிரலர் நடுவில் நிறுத்தி, தன் மூல நிரலில் எந்த வரியில் நிற்கிறோம், மாறிகளில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அங்கே எந்த ஊகமும் பொய்க்கவில்லை, எதையும் துறக்கவும் இல்லை, ஒருவர் எட்டிப் பார்க்க விரும்புகிறார், அவ்வளவுதான். நம் சொல் அந்த ஆய்வுக்கட்டுரையைத் தமிழில் விளக்கவும் உதவ வேண்டும் என்பது என் ஆசை.

இன்டர்பிரிட்டருக்குத் திரும்பல் என்று ஒருவர் போகிற போக்கில் சொல்லியிருந்தார். அதுவும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. செல்ஃபில் இன்டர்பிரிட்டரே கிடையாது, எளிய தொகுப்பி ஒன்று, உகப்பாக்கும் தொகுப்பி ஒன்று. வி8-இலும் 2017-இல் இக்னிஷன் என்ற இன்டர்பிரிட்டர் வழக்கமாகும் வரை அப்படித்தான்.

இவை எல்லாவற்றுக்கும் பொது, மேல் படியில் ஓடிய நிரல் அதே இடத்தில் கீழ்ப்படிக்கு வருவது. எனவே படியிறக்கம். எதிர்த்திசைக்கும் சொல் தானாகக் கிடைக்கிறது: மடக்கு (லூப்) ஓடிக்கொண்டிருக்கும்போதே வேகமான குறிமுறைக்கு மாறுவது படியேற்றம். முதலில் அடுக்கிறக்கம் என்றுதான் எழுதிப் பார்த்தேன், ஆனால் சட்டகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் ஸ்டாக்குக்கு அடுக்கு என்று ஏற்கெனவே புழங்குகிறோம், ‘அடுக்கிறக்கத்தின்போது அடுக்கில் உள்ள சட்டகங்கள்’ என்று எழுதினால் படிப்பவர் தடுமாறுவார். படி என்றால் நகல் என்றும் பொருள் உண்டே என்று கேட்பீர்கள். உண்டு, ஆனால் பக்கத்தில் இறக்கம் வந்தால் யாரும் நகலை நினைக்க மாட்டார்கள்.

வினையாகவும் நன்றாக வருகிறது, எனக்கு அதுதான் முக்கியம். ‘காவல் தடுத்ததும் நிரல் படியிறங்கியது.’ ‘இந்தச் செயற்கூறு ஏறுவதும் இறங்குவதுமாகப் படியிறக்கச் சுழலில் மாட்டியிருக்கிறது.’ உகப்புநீக்கத்தை வைத்து இரண்டாவது வாக்கியத்தை எழுதிப் பாருங்கள்.

ஓர் இடத்தில் மட்டும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. பைத்தான் 3.11-இல் முழு எண் கூட்டலுக்கென்றே சிறப்பாக்கிய கட்டளை, வேறு வகை மதிப்பு வந்தால் பொதுக் கட்டளைக்குப் போய்விடும். அதன் மூலக் குறிமுறையிலும் டீஆப்ட் என்ற சொல்தான் இருக்கிறது. ஆனால் அங்கே சட்டகம் எதையும் மாற்றிக் கட்ட வேண்டியதில்லை, ஒரே இன்டர்பிரிட்டருக்குள் நடக்கும் நகர்வு. அதையும் படியிறக்கம் என்றே சொல்லலாம், தேவைப்பட்டால் ‘கட்டளைப் படியிறக்கம்’ என்று பிரித்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. பைத்தான் உள்ளமைப்பில் வேலை செய்பவர்கள் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள், உங்கள் கையில் இது எப்படி உட்காருகிறது என்று சொல்லுங்கள்.

அப்புறம், நினைவகத்தில் இல்லாத பொருளை அந்த நொடியில் உண்டாக்குவதற்கும் ஒரு சொல் வேண்டும். ‘உருக்கொடுத்தல்’ என்று எழுதி வருகிறேன். வேறு சொல் தோன்றினால் தனி இழையாகத் தொடங்குங்கள், இதோடு கலக்க வேண்டாம்.